வாசலுக்கு பூட்டு, உள் அறைகள் திறப்பு! ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் 'ஆப்' செய்யப்படும் பயர்வால்

சென்னை:

"சார், சாப்ட்வேர் ஓட மாட்டேங்குது..."

"அந்த பயர்வாலை ஆப் பண்ணிட்டு பாருங்க."

"ஆமா சார், இப்ப ஓடுது!"

"அப்படியே விட்டுடுங்க."

கம்ப்யூட்டர் இருக்கிற எந்த ஆபீசிலும், ஆஸ்பத்திரியிலும், கடையிலும் காதில் விழக்கூடிய பேச்சு இது. 2 நிமிட வேலை. பில் கவுண்ட்டரில் கூட்டம் நிற்கும்போது யாருக்கும் வேறு யோசனை வராது.

ஆனால் "இப்போதைக்கு" என்று சொல்லி அணைத்த பயர்வாலை மறுபடி போடத்தான் யாரும் வருவதில்லை. மாதம் போகும், வருடம் போகும். ஒருநாள் காலையில் எல்லா திரையிலும் "பணம் கொடு" என்று மிரட்டல் வரும்போதுதான், காவல்காரனை வீட்டுக்கு அனுப்பியது ஞாபகத்துக்கு வரும்.

கூடங்குளம் முதல் டெல்லி வரை நடந்த சம்பவங்களை வரிசையாக பார்த்தால் ஒரே பாடம்தான் திரும்ப திரும்ப வருகிறது. திருடன் ஏதாவது ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைவதை எப்போதும் தடுத்துவிட முடியாது. அங்கிருந்து பக்கத்து கம்ப்யூட்டருக்கு தாவுவதை தடுக்க முடியும். அந்த வேலையை செய்ய வேண்டியதுதான் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இருக்கிற பயர்வால்.

இது குறித்த விவரம் வருமாறு:-

வாட்ச்மேனும் கதவு பூட்டும்

பயர்வாலை தமிழில் 'தீச்சுவர்' என்கிறார்கள். அடுக்குமாடி குடியிருப்பை நினைத்துக் கொண்டால் இது எளிதாக புரியும். கீழே கேட்டில் வாட்ச்மேன் இருப்பார். மேலே ஒவ்வொரு வீட்டுக்கும் தனி பூட்டு இருக்கும்.

இன்டர்நெட் லைன் ஆபீசுக்குள் நுழைகிற இடத்தில் வைக்கப்படும் பெரிய பயர்வால், கேட் வாட்ச்மேன் மாதிரி. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் இருக்கிற பயர்வால், வீட்டு பூட்டு மாதிரி.

ஒரு கம்ப்யூட்டருக்கு வெளியில் இருந்து பேச சுமார் 65 ஆயிரம் 'போர்ட்' எனப்படும் வாசல்கள் உண்டு. பைல்களை பகிர 445-ம் நம்பர் வாசல், தூரத்தில் இருந்து விண்டோஸ் திரையை இயக்க 3389, வெப்சைட்டுக்கு 443 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. எந்த வாசலை யாருக்கு திறக்கலாம் என்று சொல்வதுதான் பயர்வால் விதி.

நம்ம ஊரில் பெரும்பாலும் நடப்பது என்ன? கேட்டில் வாட்ச்மேனை போட்டுவிட்டு, வீட்டுக் கதவுகளை திறந்து போட்டுவிடுகிறார்கள். "உள்ளே எல்லாம் நம்ம ஆளுங்கதானே" என்ற நம்பிக்கை. ஊழியர் ஒருவர் போலி இ-மெயிலை திறந்துவிட்டால் திருடன் கேட்டை தாண்டி வந்தாச்சு. அதற்கு பிறகு அவனும் 'நம்ம ஆள்'தான்!

கூடங்குளத்தில் நடந்தது

நெல்லை மாவட்டம் கூடங்குளம் அணுமின் நிலைய விவகாரம் 2019-ம் ஆண்டு நாடு முழுவதும் பரபரப்பை ஏற்படுத்தியது.

அந்த ஆண்டு அக்டோபர் 29-ந்தேதி, கம்ப்யூட்டர் தாக்குதல் எதுவும் நடக்கவில்லை என்று அணுமின் நிலைய தரப்பில் மறுப்பு வெளியானது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் வேறு அறிக்கை வெளியிட்டது. ஒரு கம்ப்யூட்டரில் தீங்கு விளைவிக்கும் புரோகிராம் இருந்தது உண்மை என்றும், செப்டம்பர் 4-ந்தேதியே மத்திய அரசின் கம்ப்யூட்டர் அவசரநிலை அமைப்பான 'செர்ட்-இன்' தகவல் தந்தது என்றும் அதில் கூறப்பட்டு இருந்தது.

பாதிக்கப்பட்டது, நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டில் இணைக்கப்பட்டு இருந்த கம்ப்யூட்டர். முக்கியமான உள் நெட்வொர்க் அதில் இருந்து தனியாக பிரித்து வைக்கப்பட்டு இருந்ததால் அங்கு பாதிப்பு இல்லை என்று கழகம் விளக்கம் அளித்தது.

மறுப்பு, பிறகு ஒப்புதல் என்ற குழப்பம் ஒருபுறம் இருக்கட்டும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திருடன் முதல் கதவை தாண்டிவிட்டான். அவனை அங்கேயே நிறுத்தியது, உள்ளே இருந்த பிரிவினை.

டெல்லி எய்ம்சில் கதை வேறு

3 ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பர் 23-ந்தேதி டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் முடங்கின. 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தகவல்கள் பூட்டு போடப்பட்டதாக பாராளுமன்றத்தில் மத்திய அரசு தெரிவித்தது.

சீட்டு போடுவதில் இருந்து பரிசோதனை முடிவு வரை பேனாவும் பேப்பருமாக வேலை நடந்தது. வெளியூரில் இருந்து விடிய விடிய பயணம் செய்து வந்த நோயாளிகள் வரிசையில் காத்துக் கிடந்தனர். நிலைமை சீராக ஏறத்தாழ 2 வாரம் பிடித்தது. பாதிக்கப்படாத 'பேக்-அப்' சர்வர் ஒன்று இருந்ததால் தகவல்கள் மீட்கப்பட்டன.

காரணம் என்ன? நெட்வொர்க்கை முறையாக பகுதி பகுதியாக பிரிக்காததுதான் என்று அரசே சொன்னது. கூடங்குளத்தில் இருந்த தடுப்பு இங்கே சரியாக இல்லை.

445-ம் நம்பர் வாசல்

2017 மே 12-ந்தேதி உலகத்தையே கலக்கிய 'வான்னாகிரை' வைரஸ் இதைவிட தெளிவான உதாரணம். அது யாரையும் ஏமாற்றி பைலை திறக்க வைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் பரவியது. 445-ம் நம்பர் வாசல் திறந்திருக்கிறதா என்று பக்கத்து கம்ப்யூட்டர்களை தட்டிப் பார்க்கும். திறந்திருந்து, உள்ளே விண்டோசில் பழைய ஓட்டையும் இருந்தால் புகுந்துவிடும்.

சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. பக்கத்து மாநிலங்களும் தப்பவில்லை. ஆந்திர போலீஸ் துறையில் ஒரு பகுதி கம்ப்யூட்டர்களும், கேரளாவில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களில் சில கிராம பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்களும் சிக்கின.

இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகள் ஸ்தம்பித்தன. அந்நாட்டு தணிக்கை அலுவலகம் 2017 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில், 19 ஆயிரத்துக்கும் அதிகமான நோயாளி சந்திப்புகளும் ஆபரேஷன்களும் ரத்தாகி இருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. விண்டோசை புதுப்பித்து இருந்தாலோ, இன்டர்நெட் பக்கம் உள்ள பயர்வாலை ஒழுங்காக பராமரித்து இருந்தாலோ தடுத்திருக்கலாம் என்றும் அந்த அறிக்கை குட்டு வைத்தது.

இத்தனைக்கும் ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14-ந்தேதியே வெளியிட்டு விட்டது. 2 மாதம் ஆகியும் பலர் அதை போடவில்லை. மருந்து போடாத கம்ப்யூட்டரைக்கூட, 445-ம் நம்பரை மூடிய பயர்வால் காப்பாற்றி இருக்கும்.

அடுத்த மாதமே, 2017 ஜூன் 27-ந்தேதி 'நாட்பெட்யா' வந்தது. உள்ளே நுழைந்ததும் பாஸ்வேர்டுகளையே திருடி கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் தாவியது. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் 45 ஆயிரம் கம்ப்யூட்டர்களையும், 4 ஆயிரம் சர்வர்களையும் மறுபடி நிறுவ வேண்டியதாயிற்று. மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையத்திலும் வேலை பாதித்தது.

இப்போது ஏன் அவசரம்?

இந்த பழைய கதைக்கும் இன்றைய ஆபீசுக்கும் நேரடி தொடர்பு உண்டு. 2025 அக்டோபர் 14-ந்தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக் கொண்டது. நீட்டிப்பு திட்டத்தில் சேராத கம்ப்யூட்டர்களுக்கு இனி ஓட்டை அடைக்கும் மருந்து கிடையாது.

எத்தனையோ பள்ளிகள், பிரவுசிங் சென்டர்கள், சிறு ஆபீஸ்களில் உள்ள பழைய மிஷின்கள் விண்டோஸ் 11-ஐ தாங்காது. "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்பவர்களை குறை சொல்லவும் முடியாது. புது மிஷினுக்கு பணம் வேண்டுமே! ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் கருவியுடன் வந்த கம்ப்யூட்டரை, கருவி நிறுவனம் சம்மதிக்காமல் தொடக்கூட முடியாது.

மருந்து கிடைக்காத மிஷினுக்கு கதவை பூட்டுவது ஒன்றுதான் கையில் இருக்கிற வழி. அந்த பூட்டு விண்டோசுக்குள்ளேயே இலவசமாக இருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

அடி வாங்கிய பிறகு வந்த பூட்டு

2003 ஜனவரியில் 'ஸ்லாமர்' என்ற 376 பைட் அளவுள்ள குட்டி வைரஸ், சிக்கக்கூடிய கம்ப்யூட்டர்களில் 90 சதவீதத்தை 10 நிமிடத்துக்குள் பிடித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' வந்து விண்டோஸ் கம்ப்யூட்டர்களை ஓயாமல் அணைத்து அணைத்து போட்டது.

அப்போது விண்டோஸ் எக்ஸ்.பி.யில் பயர்வால் இருந்தது. ஆனால் 'ஆன்' செய்யப்படாமல் இருந்தது. இந்த அடிகளுக்கு பிறகுதான், 2004 ஆகஸ்டில் வந்த 'சர்வீஸ் பேக் 2'-ல் பயர்வாலை தானாகவே 'ஆன்' ஆக்கி கொடுத்தது மைக்ரோசாப்ட். உலகமே பட்டு கற்றுக்கொண்டதை ஒரே கிளிக்கில் நாம் 'ஆப்' செய்கிறோம்.

அணைக்காமல் ஓட வைப்பது எப்படி?

சாப்ட்வேர் ஓடவில்லை என்றால் அதற்கு தேவையான வாசல் ஒன்றோ இரண்டோதான் மூடியிருக்கும். அதை மட்டும், தேவைப்படும் ஆளுக்கு மட்டும் திறந்தால் போதும். வீட்டுக்கு பால்காரர் வருகிறார் என்பதற்காக கதவையே கழற்றி வைப்பார்களா?

ஒரு மருந்துக்கடையில் 3 பில்லிங் கம்ப்யூட்டர், ஒரு கணக்கு சர்வர் என்று வைத்துக் கொள்வோம். சர்வரில் டேட்டாபேஸ் வாசல் அந்த 3 பில்லிங் கம்ப்யூட்டர்களின் முகவரிக்கு மட்டும் திறந்திருக்க வேண்டும். தூரத்தில் இருந்து இயக்கும் 3389, நிர்வாகியின் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும். மற்ற எல்லாம் மூடல்.

பில்லிங் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடு ஒன்று பேச வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை. அவற்றில் 445, 135, 3389 வாசல்களை மூடினால் நஷ்டம் எதுவும் கிடையாது. ஒன்றில் வைரஸ் புகுந்தாலும் அடுத்ததற்கு இந்த வழியாக தாவ முடியாது.

உள்ளே வருவதை மட்டும் பார்த்தால் போதாது. விண்டோஸ் பயர்வால் சாதாரணமாக உள்ளே வருவதை தடுக்கும், வெளியே போவதை விட்டுவிடும். உள்ளே புகுந்த திருட்டு புரோகிராம் தன் முதலாளிக்கு 'போன்' போடுவது இந்த வழியாகத்தான். கணக்கு சர்வருக்கு இன்டர்நெட்டில் என்ன வேலை? புதுப்பிக்கும் சேவைக்கும், பெயர்-முகவரி கேட்கும் சேவைக்கும் மட்டும் வழிவிட்டு மீதியை அடைக்கலாம்.

இன்னொரு விஷயம். விண்டோஸ் பயர்வாலில் 'டொமைன்', 'பிரைவேட்', 'பப்ளிக்' என்று 3 நிலைகள் உண்டு. டீக்கடை வை-பையில் இணையும்போது 'பிரைவேட்' என்று அமுக்கிவிட்டால், முன்பின் தெரியாதவர்களை வீட்டு ஆட்களாக நினைத்து சில வாசல்களை திறந்துவிடும். அவசரத்தில் அமுக்கும் ஒரு பட்டன், அவ்ளோதான்.

அனுபவசாலிகளும் சறுக்கும் இடங்கள்

பயர்வால் 'ஆன்' என்று காட்டினாலும் ஓட்டை இருக்கலாம். கம்ப்யூட்டர் படித்தவர்களே வழுக்கி விழும் இடங்கள் சில உண்டு.

விண்டோசில், ஒரே விஷயத்துக்கு 'அனுமதி' என்றும் 'தடை' என்றும் 2 விதி இருந்தால், தடைதான் பொதுவாக ஜெயிக்கும். லினக்சின் 'ஐபி-டேபிள்ஸ்' முறையில் அப்படி இல்லை. மேலிருந்து கீழாக படித்து, முதலில் பொருந்தும் விதியோடு முடிவு எடுத்துவிடும். மேலே "எல்லாருக்கும் அனுமதி" என்று ஒரு வரி இருந்தால், கீழே எத்தனை தடை போட்டாலும் வேஸ்ட்.

அதே ஐபி-டேபிள்ஸ், பழைய முறை முகவரிகளை மட்டும்தான் கவனிக்கும். புதிய 'ஐ.பி. 6' முகவரிக்கு தனியாக விதி எழுத வேண்டும். முன்வாசலை பூட்டிவிட்டு கொல்லைப்புறத்தை மறந்த கதைதான். புதிய 'என்.எப்.டேபிள்ஸ்' முறையில் இரண்டுக்கும் ஒரே இடத்தில் விதி எழுதலாம்.

'டாக்கர்' பயன்படுத்துகிறவர்கள் கூடுதல் உஷாராக இருக்க வேண்டும். உபுண்டுவில் 'யு.எப்.டபிள்யூ.' மூலம் எல்லாவற்றையும் மூடியதாக நினைத்திருப்பார்கள். டாக்கர் தானாகவே ஐபி-டேபிள்சில் விதி எழுதி, வெளியே காட்டச் சொன்ன வாசலை திறந்துவிடும். யு.எப்.டபிள்யூ. திரையில் "மூடல்" என்றே காட்டும். வெளியில் இருந்து பார்த்தால் டேட்டாபேஸ் திறந்து கிடக்கும்.

தன்னைத்தானே வெளியே பூட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. சென்னையில் உட்கார்ந்து மதுரை கிளை சர்வரில் "எல்லாம் தடை" என்று போட்டுவிட்டு, தான் உள்ளே போகும் வழியையும் அடைத்துவிடுவார்கள். அப்புறம் ராத்திரி பஸ் பிடிக்க வேண்டியதுதான். தன் வழிக்கு முதலில் அனுமதி எழுதிவிட்டு, சில நிமிடத்தில் உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்கு தானாக திரும்பும்படி வைத்துக்கொண்டு மாற்றம் செய்வதே முறை.

பூட்டியதை இழுத்து பார்க்க வேண்டும்

வீட்டை பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்து பார்ப்பது நம்ம ஊர் வழக்கம். பயர்வாலுக்கும் அது வேண்டும். 1997 முதல் இலவசமாக கிடைக்கும் 'என்மேப்' என்ற கருவி இந்த வேலைக்கு உலகம் முழுவதும் பயன்படுகிறது.

அது ஒவ்வொரு வாசலாக தட்டி, திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா, நடுவில் தடுப்பு இருந்து பதிலே வரவில்லையா என்று பிரித்து சொல்லும். சோதிக்க வேண்டிய கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து தட்டினால் பிரயோஜனம் இல்லை. வீட்டுக்குள் இருந்தபடி பூட்டை சோதிப்பது மாதிரி ஆகிவிடும்.

பக்கத்து மேஜை, வேறு பிரிவு, ஆபீசுக்கு வெளியே என்று 3 இடத்தில் இருந்தும் தட்டிப் பார்த்து, பட்டியலை ஒப்பிட வேண்டும். பக்கத்து மேஜையில் இருந்து பார்க்கும் பட்டியல்தான் பெரும்பாலும் அதிர்ச்சி தரும். வெளியே இருந்து ஒன்றும் தெரியாத சர்வர், உள்ளே இருந்து பார்த்தால் பல வாசல்களை திறந்து வைத்திருக்கும்.

சோதனைக்காக திறந்த வழி

பாதுகாப்பு சோதனை நடத்த வரும் நிபுணர்களாலேயே புது சிக்கல் வருவதும் உண்டு.

சோதனை 2 வகை. ஒன்று, கம்ப்யூட்டரில் உள்ள ஓட்டைகளை எல்லாம் கணக்கெடுப்பது. இதற்கு சோதனை மிஷினை பயர்வால் தடுத்துவிட்டால் "ஓட்டை எதுவும் இல்லை" என்று ரிப்போர்ட் வரும். ஓட்டை அப்படியே இருக்கும். அதனால் அந்த மிஷினுக்கு மட்டும் வழிவிட வேண்டும்.

இன்னொன்று, நிஜ திருடன் மாதிரி நுழைய முயற்சி செய்வது. இதில் பயர்வாலில் கை வைக்கவே கூடாது. தடுப்பு வேலை செய்கிறதா, அலாரம் அடிக்கிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். இந்த இரண்டையும் போட்டு குழப்பினால், கட்டின பணமும் தண்டம், கிடைத்த ரிப்போர்ட்டும் தண்டம்.

முதல் வகை சோதனைக்காக திறந்த வழியை மூட மறப்பதுதான் பெரிய ஆபத்து. நிபுணர்கள் ரிப்போர்ட் கொடுத்துவிட்டு போய்விடுவார்கள். "எல்லாவற்றுக்கும் அனுமதி" என்ற விதி மட்டும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. விதிக்கு பெயர் வைக்கும்போதே யார், எதற்காக திறந்தது, எந்த தேதிக்கு மூட வேண்டும் என்று எழுதிவிட வேண்டும். தேதி தாண்டிய விதியை பார்த்ததும் அடுத்து வருகிறவர் எடுத்துவிடுவார்.

சோதிப்பவருக்கும் பூட்டு தேவை

ஊருக்கு உபதேசம் செய்யும் சோதனையாளர்களின் லேப்டாப்பே சில நேரம் பூட்டு இல்லாமல் இருக்கும். சோதனைக்கு பலரும் பயன்படுத்தும் 'காளி லினக்ஸ்', நிறுவியவுடன் பயர்வால் விதி எதுவும் இல்லாமல்தான் வருகிறது. அதில்தான் வாடிக்கையாளர் நிறுவனத்தின் பாஸ்வேர்டும், ஓட்டைகளின் பட்டியலும் இருக்கும். திருடனுக்கு அதைவிட பெரிய புதையல் வேண்டுமா?

உள்ளே வரும் வழிகளை மூடிவிட்டு, சோதனைக்காக காத்திருக்கும் வாசலை மட்டும் சோதிக்கப்படும் நெட்வொர்க்குக்கு திறப்பது பாதுகாப்பு.

வெளியே போகும் வழிக்கும் கடிவாளம் தேவை. எழுத்து மூலம் அனுமதி கிடைத்த முகவரிகளை தவிர வேறு எங்கும் சோதனை கருவி போகாதபடி விதி எழுத வேண்டும். முகவரியில் ஒரு எண்ணை தவறாக அடித்தால், சம்பந்தமே இல்லாத வேறு நிறுவனத்தின் கதவை தட்டியதாகிவிடும். அனுமதி இல்லாமல் நுழைவது தகவல் தொழில்நுட்ப சட்டம் 43, 66-வது பிரிவுகளின் கீழ் வரும். கெட்ட நோக்கத்தோடு செய்தது என்று நிரூபணமானால் 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.5 லட்சம் வரை அபராதம். "தெரியாம அமுக்கிட்டேன் சார்" என்று விளக்கம் சொல்லிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டு என்ஜினீயரிங் கல்லூரிகளில் சைபர் செக்யூரிட்டி படிக்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். பயிற்சிக்காகவே ஓட்டைகளோடு தயாரிக்கப்பட்ட 'மெட்டாஸ்பிளாயிட்டபிள்' போன்ற மாதிரி மிஷின்களை லேப்டாப்பில் போட்டு பழகுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நெட்வொர்க் அமைப்பில் 'பிரிட்ஜ்' என்று வைத்தால், அந்த ஓட்டை மிஷின் கல்லூரி நெட்வொர்க்கிலேயே வந்து உட்காரும். 'ஹோஸ்ட்-ஒன்லி' என்று வைத்தால் லேப்டாப்பை தாண்டாது. ஹாஸ்டல் வை-பையில் பழகும் தம்பி, தங்கைகள் முதலில் கற்க வேண்டியது இதுதான்.

பதிவேடு இல்லாத காவல்

கேட்டில் வாட்ச்மேன் இருந்தும் வருகை பதிவேடு இல்லை என்றால், திருட்டு போன பிறகு யாரை கேட்பது? பயர்வால் கதையும் அதேதான்.

விண்டோஸ் பயர்வாலில் தடுக்கப்பட்டவர்களின் பதிவு, நாமாக 'ஆன்' செய்தால்தான் எழுதப்படும். அதுவும் சாதாரணமாக 4 எம்.பி. அளவுதான். பரபரப்பான சர்வரில் அது சீக்கிரமே நிரம்பி, பழையது அழிந்துவிடும்.

ஆனால் செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ந்தேதி பிறப்பித்த உத்தரவு என்ன சொல்கிறது தெரியுமா? கம்ப்யூட்டர் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் கடிகாரங்கள் சரியான நேரம் காட்ட வேண்டும். 4 எம்.பி. பதிவேட்டை வைத்துக்கொண்டு 180 நாள் கணக்கு எப்படி காட்டுவது? அளவை கூட்டி, பதிவுகளை தனி சர்வருக்கு அனுப்பி சேமிப்பதுதான் வழி. உள்ளே புகுந்த திருடன் முதலில் அழிப்பதும் அந்த மிஷினில் இருக்கும் பதிவைத்தான்.

சட்டத்தின் பிடியும் இறுகி வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது பாதுகாப்பு தணிக்கை வேண்டும் என்று 2025 ஜூலையில் செர்ட்-இன் வழிகாட்டி வெளியிட்டது. பொதுமக்களின் தகவல்களை காக்க தகுந்த பாதுகாப்பு செய்யாத நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க 2023-ம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டம் வழி செய்கிறது. இதற்கான விதிமுறைகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, முக்கிய கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது.

யார் பொறுப்பு?

பயர்வால் மட்டும் போதுமா என்றால், போதாது. போலி இ-மெயிலை நம்பி ஊழியரே பாஸ்வேர்டை கொடுத்தால் பயர்வால் என்ன செய்யும்? திறந்தே இருக்க வேண்டிய 443 வழியாக வரும் திருட்டையும் அது முழுசாக பிடிக்காது. பேக்-அப்பும், புதுப்பித்தலும், எச்சரிக்கையும் கூடவே வேண்டும். ஒரு மிஷினில் பிடித்த தீ, கட்டிடம் முழுக்க பரவாமல் தடுப்பதுதான் இந்த சுவரின் வேலை. பெயரே அதைத்தான் சொல்கிறது.

இதில் பணச்செலவு பெரிதாக இல்லை. பூட்டு கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. வேண்டியது கொஞ்சம் நேரமும், ஒருவரின் பொறுப்பும்தான். சாப்ட்வேர் விற்கிறவரிடம் "எந்தெந்த வாசல், யாரிடம் இருந்து வர வேண்டும்?" என்று எழுதி வாங்கினால் பாதி வேலை முடிந்தது. அதை சொல்லத் தெரியாமல் "ஆப் பண்ணுங்க" என்று சொல்கிறவருக்கு, தன் சாப்ட்வேரே சரியாக தெரியவில்லை என்று அர்த்தம்.

பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போதே "பயர்வாலை அணைக்கக் கூடாது, மாற்றினால் எழுதி வைக்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்கலாம். அரசு ஆபீஸ்களின் டெண்டரிலும் இதை சேர்க்க தடை எதுவும் இல்லை.

ஏனென்றால் கம்ப்யூட்டர் முடங்கும் நாளில் கஷ்டப்படுவது, பயர்வாலை ஆப் செய்தவர் இல்லை. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டுக்காக நிற்கிற அம்மாவும், பஞ்சாயத்து ஆபீசில் சான்றிதழுக்கு வந்த விவசாயியும்தான். "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்ற பதிலை கேட்டுவிட்டு அவர்கள் திரும்பி நடக்க வேண்டியதாகிறது.

நாளை காலை ஆபீசுக்கு போனதும் ஒரு கம்ப்யூட்டரில் பயர்வால் பக்கத்தை திறந்து பார்த்தால் போதும், நிலவரம் தெரிந்துவிடும். 'ஆப்' என்று இருந்தால், யார் அணைத்தது என்று தேடுவதை பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் எந்த வாசல் தேவை என்று கேட்டு எழுதி, அதை மட்டும் திறந்துவிட்டு, 'ஆன்' செய்ய வேண்டும்.

ஏற்கனவே பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்து புகார் கொடுக்கலாம்.